படம் அனுப்பினால் முறைப்பாடு ஆகுமா?

திருகோணமலை, சாம்பல்தீவு வாசகர் ஒருவர் கேட்டது, 2025 டிசம்பர் 9

"இப்ப எல்லாத்துக்கும் ஒரு ஆப், ஒரு வட்ஸ்அப் நம்பர் இருக்கு. பொலிஸ் மா அதிபரே நம்பர் குடுத்திருக்கிறார். சனம் படம் எடுத்து அனுப்பினாக் காணும், அரசாங்கம் தானா வழிக்கு வரும். திருமலையில இன்னும் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு கச்சேரிக்கும் சபைக்கும் ஏன் அலையிறாங்க?"

டிசம்பர் 9, இரவு

அலைகிற ஆட்களில் நானும் ஒருவன், அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஒழுங்கை முனையில் கானுக்கு மேல் போட்டிருந்த கொங்கிரீட் மூடி போன மாரிக்கு முன்பே உடைந்துவிட்டது. ஆள் விழுந்தால் இடுப்பளவு ஆழம். முதலில் நடவடிக்கை எடுத்தவர் மூலை வீட்டு அக்கா. பூவரசங் கம்பு ஒன்றை முறித்துக் குழிக்குள் நட்டு, நுனியில் சிவப்பு ஷொப்பிங் பேக் ஒன்றைக் கட்டிவிட்டார். இரவில் ஓட்டோக்காரருக்கு அதுதான் சிக்னல். அடுத்தது நான். படம் எடுத்து, சம்பந்தப்பட்ட அலுவலகத்தின் பேஸ்புக் பக்கத்துக்கு அனுப்பினேன். பார்த்ததற்கு அடையாளம் விழுந்தது. பிறகு ஒரு பெருவிரல் வந்தது. பெருவிரலுக்கு என்ன பதில் எழுதுவது? நானும் ஒரு பெருவிரல் போட்டேன். அத்தோடு பேச்சுவார்த்தை முடிந்தது.

மழை தொடங்கியபோது அக்கா நட்ட கம்பு தளிர்விட்டிருந்தது.

பிறகுதான் கடிதம் எழுதி, நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, என் பிரதியில் திகதி முத்திரை அடித்து வாங்கினேன். முத்திரை அடித்த பிள்ளை, "பேஸ்புக்கில போட்டிருக்கலாமே அங்கிள்" என்றது. போட்டேன் என்றேன். "அதைப் பார்க்கிறது வேற ஆள், அவர் இப்ப லீவு."

மூடி வந்தது. உடனே வந்தது என்று சொல்லமாட்டேன். கடிதம் ஒரு கோப்புக்குள் போயிற்று, கோப்புக்கு ஒரு இலக்கம் விழுந்தது. அடுத்த தரம் போய் இலக்கத்தைச் சொன்னபோது ஒருவர் கதிரையை விட்டு எழும்பி அலுமாரியைத் திறக்க வேண்டியதாயிற்று. படத்தை அனுப்பியபோது யாரும் எழும்ப வேண்டியிருக்கவில்லை. நான் பார்க்கிற வித்தியாசம் இவ்வளவுதான். பதில் சொல்லியே ஆகவேண்டிய ஆள் ஒருவர் மறுமுனையில் இருந்தால் வட்ஸ்அப்பும் வேலை செய்யும், தபால் அட்டையும் வேலை செய்யும். அந்த ஆள் இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றுதான்.

டிசம்பர் 10, காலை

"அப்ப நீங்கள் தொழில்நுட்பத்துக்கு எதிரி" என்று ஒருவர். இல்லை ஐயா, இதைப் போனில்தான் எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் 2007இல் தொடங்கிய ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட் என்ற தளத்தைப் பாருங்கள். ரோட்டில் குழி, எரியாத லைட், குப்பை, எதுவானாலும் வரைபடத்தில் புள்ளி வைத்து எழுதினால் அந்தப் பகுதிச் சபைக்குப் போகும். அந்த முறைப்பாட்டை ஊரே பார்க்கலாம். எப்போது கொடுத்தது, பதில் வந்ததா, திருத்தினார்களா என்பதெல்லாம் வெளியே கிடக்கும். அதே குழியை இன்னொருவர் திரும்ப முறையிடத் தேவையில்லை. என் படமோ ஒரு உள்பெட்டிக்குள் போய் ஒளிந்துகொண்டது. எங்கள் ஒழுங்கையில் எத்தனை பேர் அதே மூடியைப் படம் எடுத்து அனுப்பினார்களோ, ஒருவருக்கும் மற்றவரைத் தெரியாது.

டிசம்பர் 10, இரவு

வேலை செய்கிற ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். 1990.

2016இல் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பிறகு நாடு முழுக்க வந்த சுவசெரிய அம்புலன்ஸ். காசு இல்லை. பக்கத்து வீட்டு ஐயாவுக்கு நெஞ்சு நோ வந்த இரவு நான்தான் எடுத்தேன். தமிழில் பேசினார்கள். ஆளுக்கு என்ன வயது, மூச்சு எப்படி இருக்கிறது, வியர்க்கிறதா என்று ஒழுங்காகக் கேட்டார்கள். இடம் கேட்டபோதுதான் சிக்கல். "பிள்ளையார் கோயிலடி" என்றேன். எந்தப் பிள்ளையார் கோயில்? திருமலையில் ஒழுங்கைக்கு ஒரு பிள்ளையார். நான் ரோட்டுப் பெயர், முடக்கு, கடை எல்லாம் சொல்லி முடிக்க, வண்டி ஓட்டி வந்தவர் இன்னொரு நம்பரிலிருந்து எடுத்து, "நீங்க வெளியில வந்து டோர்ச் அடியுங்கோ" என்றார். டோர்ச் அடித்தேன். வந்துவிட்டார்கள். ஐயா இப்போதும் காலையில் உள்துறைமுகப் பக்கம் நடக்கப் போகிறார், என்னைக் கண்டால் அரசியல் கதைக்காமல் விடமாட்டார்.

போன் செய்த ஆள் யார், எந்த நேரம், எந்த வண்டி புறப்பட்டது, எப்போது சேர்ந்தது என்பதெல்லாம் அங்கே பதிவாகிறது. ஒருவரும் "பார்த்தாச்சு" என்று பெருவிரல் போட்டுவிட்டுப் போக முடியாது. நான் அரசாங்கத்திடம் கேட்பது இதற்கு மேல் ஒன்றுமில்லை.

டிசம்பர் 11

இடம் சொல்கிற சிக்கலுக்கு ஒரு சின்னக் குறிப்பு. கரண்ட் போனால் 1987க்கு எடுக்கிறோமே, அப்போது மின்சார பில்லில் இருக்கிற கணக்கு இலக்கத்தைக் கேட்பார்கள். அந்தப் பத்து இலக்கத்தில் வீடு எங்கே என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும், பிள்ளையாரை இழுக்கத் தேவையில்லை. பழைய பில் ஒன்றைப் படம் எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். பில் வீட்டுக்குள் இருக்கும், கரண்ட் போனால் தேடிப் பிடிக்க ஏலாது.

டிசம்பர் 12

மூதூரிலிருந்து ஒரு தம்பி கோபமாக எழுதியிருக்கிறார். டித்வா புயல் வந்தபோது எந்தக் கோப்பு, எந்த இலக்கம், எங்களைக் காப்பாற்றியது பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும்தானே என்கிறார். நியாயம். இரண்டு நாளாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நவம்பர் 28ஆம் திகதி புயல் கிழக்குக் கரையில் ஏறியது. நாடு முழுக்க 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. எங்கள் மாவட்டத்தைக் காற்றைவிட மலைநாட்டு மழைதான் அடித்தது. கண்டிப் பக்கம் விழுகிற தண்ணீர் மகாவலியில் சேர்ந்து, மனம்பிட்டி தாண்டி, வெருகல், மூதூர்ப் பக்கமாகத்தான் கடலுக்கு வரவேண்டும். இங்கே மழை விட்டபிறகும் வீட்டுக்குள் தண்ணீர் ஏறும். 30ஆம் திகதி மாவிலாற்று அணைக்கட்டு உடைந்தது. கட்டின்மேல் ஒதுங்கி நின்ற சனத்தை ஹெலிகொப்டரில் தூக்கினார்கள். யார் எந்தக் கூரையில் நிற்கிறார்கள் என்று வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் பேஸ்புக்கில் போட, இங்கே தோணி வைத்திருந்தவர்கள் பார்த்துப் போனார்கள். அந்த இடத்தில் நான் சொன்ன முத்திரையும் பிரதியும் செல்லாதுதான்.

ஆனால் அந்த நாட்களில் எனக்கு மிகவும் உதவியது கூரைப் படங்கள் அல்ல. மூதூர்ப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு வாத்தியார் வட்ஸ்அப் குழு ஒன்று வைத்திருக்கிறார். மனம்பிட்டியில் ஆற்று நீர்மட்டத்தை நீர்ப்பாசனத் திணைக்களம் அளக்கிறது. அந்த அளவுகள் வெளியிடப்படும், யாரும் பார்க்கலாம். ஆனால் மீற்றரில் ஒரு எண்ணைப் பார்த்து எங்கள் சனத்துக்கு என்ன விளங்கும்? வாத்தியார் அந்த எண்ணை எடுத்துக் குரல் பதிவில் இப்படிப் போடுவார்: "போன முறை இந்த அளவு வந்தப்ப பள்ளிவாசல் ரெண்டாம் படி நனைஞ்சது. இப்ப அதைவிடக் கூட. பள்ளிவாசலுக்குக் கிழக்கால இருக்கிறவங்க பொழுதுபட முதல் வெளிக்கிடுங்க. நெல் மூட்டையை மேல வைக்கிறன், டிவியை மேல வைக்கிறன் எண்டு நிக்காதீங்க." ஒவ்வொரு பதிவிலும் முதலில் நேரத்தைச் சொல்வார். பழைய பதிவு சுற்றி வந்தாலும் ஆட்கள் பயப்படாமல் இருக்க அது.

திணைக்களம் அளந்ததும் வேண்டும், வாத்தியார் படியைச் சொன்னதும் வேண்டும். இடர் முகாமைத்துவ நிலையத்துக்கு 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, 117 என்று ஒரு நம்பர் இருக்கிறது. அவர்களிடம் தரவு இருக்கிறது, படிக்கட்டு இல்லை. அதோடு, அறிவிப்புகள் தமிழில் சுணங்கி வந்தன, சிலது வரவே இல்லை என்று அந்த நாட்களில் பலரும் எழுதினார்கள். வெள்ளத்துக்கு எந்தப் பாஷையும் தெரியாது, எச்சரிக்கைக்குத் தெரியவேண்டும்.

டிசம்பர் 12, கொஞ்சம் பிந்தி

"கோட்டைப் பக்கத்து மான்களுக்கும் ஒரு ஆப் வேண்டும்" என்று எழுதிய நண்பருக்கு: கடற்கரையில் சாப்பாட்டுப் பார்சலைப் பேப்பரோடு தின்கிற மானைப் படம் எடுத்துப் போடாத ஆள் இந்த ஊரில் இல்லை. படத்துக்கு ஆயிரம் லைக். பார்சல் பேப்பர் அங்கேயே கிடக்கிறது. படம் எடுக்கக் குனிந்தவர் அப்படியே அதையும் பொறுக்கியிருக்கலாம்.

டிசம்பர் 13

வதந்தி பற்றி எழுதாமல் விட்டேன் என்று மூன்று நான்கு பேர். சரி.

வெள்ள நாட்களில் எனக்கு வந்த குரல் பதிவுகளில் அதிகம் சுற்றியது "கந்தளாய்க் குளம் உடைஞ்சிட்டுதாம்". பேசியவர் யார், எங்கிருந்து, எந்த நாள், ஒன்றும் இல்லை. இதைக் கேட்டுச் சிரிக்க ஏலாது. 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலை அந்தக் குளம் உண்மையாகவே உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் செத்தார்கள். அதைப் பார்த்த ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். "கடல் வருது" என்ற சத்தமும் அப்படித்தான். 2004 சுனாமிக்குப் பிறகு அந்தச் சத்தத்துக்கு நிலாவெளியில் எத்தனை தரம் ஓடியிருப்போம். 2012 ஏப்ரல் 11ஆம் திகதி சுமாத்திராப் பக்கம் பெரிய நிலநடுக்கம் வந்து அரசாங்கமே எச்சரிக்கை விட்டது. அன்று ஓடியது சரி. மற்ற நாட்களில் ஓடியதையும் பிழை என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஐந்து தரம் பொய்யாகக் கேட்டவன் ஆறாம் தரம் கதவைச் சாத்திக்கொண்டு படுப்பான், அதுதான் பயம்.

இதைவிட மோசமான வதந்தியும் உண்டு. 2018இல் அம்பாறையில் சாப்பாட்டில் கருத்தடை மாத்திரை கலக்கிறார்கள் என்று ஒரு கதை பேஸ்புக்கில் ஓடியது. கடை உடைந்தது, பள்ளிவாசல் உடைந்தது. அடுத்த மாதம் கண்டிப் பக்கம் திகனையிலும் கலவரம். அரசாங்கம் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் மூடியது. 2020இல் பேஸ்புக் நிறுவனம் தன் பங்குக்கு மன்னிப்புக் கேட்டது. சனத்தின் பங்கேற்பு என்று நாங்கள் புகழ்கிற அதே கைதான் இதையும் செய்தது. கல்லெறிந்தவனும் குடிமகன்தான்.

அதற்கு மருந்து என்று கொண்டுவந்தது 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம். எது பொய் என்று ஒரு ஆணைக்குழு தீர்மானிக்கும். எனக்கு இதில் நம்பிக்கை குறைவு. மூதூர் வாத்தியார் "மனம்பிட்டி அளவு பிழைபோல இருக்கு, தண்ணி இன்னும் கூட" என்று ஒரு இரவு சொன்னார் என்று வையுங்கள். அரசாங்க அளவுக்கு எதிராகப் பேசினார் என்று அவரையும் அதில் பிடிக்கலாமா? பிடிக்கமாட்டார்கள் என்பீர்கள். அந்தப் பயமே அவர் வாயை மூடப் போதும்.

டிசம்பர் 14

கடைக்காரர்கள் பூட்டியிருக்கிற கமராக்கள் பற்றிக் கேட்டவருக்கு. திருட்டுக்கு உதவும், மறுக்கவில்லை. பொலிஸும் இப்போது முதலில் கேட்பது கமராவைத்தான். ஆனால் பதிவைப் பொலிஸுக்குக் கொடுப்பது வேறு, "இவனைத் தெரிஞ்சா அறிவியுங்கோ" என்று முகத்தைப் பேஸ்புக்கில் போடுவது வேறு. எங்கள் பக்கத்தில் ஒரு பெடியனின் முகம் அப்படிச் சுற்றியது. அவன் அந்தக் கடைக்குச் சோடா வாங்கப் போனவன். உண்மையான ஆள் பிடிபட்ட பிறகும் பெடியனின் படம் இந்தியா வரை போய்க்கொண்டிருந்தது. அழித்துவிடச் சொல்லி அவன் அம்மா யாரிடம் போவது?

டிசம்பர் 15

கிண்ணியா ஆள் ஒருவர் ஒரே வரியில் "குறிஞ்சாக்கேணி" என்று மட்டும் எழுதியிருக்கிறார். வேறு ஒன்றும் எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை.

தெரியாதவர்களுக்கு: பழைய பாலத்தை எடுத்துவிட்டுப் புதுப் பாலம் கட்டிக்கொண்டிருந்த காலம். களப்பைக் கடக்க ஒரு தற்காலிக மிதவைப் படகு ஓடியது. 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை அது கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் போன சின்னப் பிள்ளைகளின் உயிரும் போயிற்று. கிண்ணியாவில் அதற்கு 12 வருஷத்துக்கு முன்பே நாட்டிலேயே நீளமான பாலம் என்று 396 மீற்றரில் ஒன்று திறந்தவர்கள், இந்தச் சின்னப் பாலம் முடியும்வரை பிள்ளைகள் எதில் போவார்கள் என்று பார்க்கவில்லை.

அந்தப் படகு ஆபத்து என்று அதில் ஏறிய ஒவ்வொருவருக்கும் தெரியும். ஆளுக்கொரு போன் சட்டைப் பைக்குள் இருந்தது. யார் அனுமதி கொடுத்தது, எத்தனை பேரை ஏற்றலாம், பாதுகாப்பு அங்கி எங்கே என்ற கேள்விகளை நாடு முழுக்கக் கேட்டது கவிழ்ந்த பிறகு. கவிழ முதல் கேட்க ஒரு வழி இருந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம், 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில். ஒருவரின் உயிரும் சுதந்திரமும் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணித்தியாலத்துக்குள் பதில் கொடுக்கவேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. கேட்டிருந்தால் படகு நின்றிருக்கும் என்று சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் அனுமதி இருக்கிறதா இல்லையா என்று ஒரு அதிகாரி கையெழுத்து வைத்துச் சொல்ல வேண்டி வந்திருக்கும். கையெழுத்து என்றால் கை கொஞ்சம் தயங்கும்.

டிசம்பர் 17

பொலிஸ் மா அதிபரின் வட்ஸ்அப் நம்பர் பற்றி முதல் கேள்வியிலேயே இருந்தது, நான் இன்னும் தொடவில்லை. 2025 ஓகஸ்டில் அறிவித்தார்கள். படம், வீடியோ அனுப்பலாம். போக்குவரத்து மீறல்களுக்குத் தனி ஆப்பும் வந்திருக்கிறது. எனக்குப் பிடித்தது அதில் ஒரு விஷயம்: உள்ளூர் நிலையத்தில் முறைப்பாட்டை எடுக்கத் தயங்கினால் மேலே போக ஒரு வழி. பிடிக்காதது: மேலே போனது திரும்ப அதே நிலையத்துக்குத்தான் விசாரணைக்கு வரும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஊர்ச் சண்டை, காணிச் சண்டை என்றால் அனுப்பியவன் பெயர் வெளியே வராது என்று யார் உறுதி கொடுப்பது?

தண்டப்பணம் கட்டுகிற கதை வேறு, அதில் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரிகிறது. முன்பு லைசனை வாங்கிக்கொண்டு ஒரு துண்டைத் தருவார்கள். தபால் கந்தோரில் வரிசையில் நின்று கட்டி, ரசீதைக் கொண்டு திரும்பப் பொலிஸுக்குப் போய் லைசனை எடுக்கவேண்டும். கந்தளாய் ரோட்டில் பிடிபட்ட மூதூர் ஆளுக்கு ஒரு நாள் கூலி போச்சு. அந்த அலைச்சலுக்குப் பயந்துதான் பலர் அந்த இடத்திலேயே "வேறு விதமாக" முடித்தார்கள். 2025 பெப்ரவரியில் அரசாங்கத்துக்குப் பணம் கட்டுகிற கவ்பே தளம் வந்து, தண்டப்பணத்தையும் அதில் போனிலேயே கட்டலாம் என்றாகிவிட்ட பிறகு, வேறு விதத்துக்கு இருந்த பெரிய சாட்டு குறைகிறது. நேர்மை பற்றிய வகுப்புகளைவிட இது கூட வேலை செய்யும் என்பது என் எண்ணம்.

டிசம்பர் 20

போன் இல்லாத ஆட்கள்? நல்ல கேள்வி, பிந்திக் கேட்டீர்கள்.

அமெரிக்காவில் பொஸ்டன் நகரசபை ஒரு ஆப் விட்டது. காருக்குள் போனை வைத்துக்கொண்டு ஓடினால், குலுங்குகிற இடத்தில் குழி என்று அதுவே பதிந்துவிடும். அருமையான யோசனை. ஆனால் ஸ்மார்ட் போனும் காரும் வசதியான பகுதிகளில்தானே கூட, அப்போது குழியும் அங்கேதான் கூட இருப்பதுபோல் காட்டும். ஏழைகள் இருக்கிற ரோட்டில் குழியே இல்லை என்று கணினி நினைக்கும். அவர்கள் அதைக் கவனித்து, சபை வாகனங்களையும் ஓடவிட்டுப் பார்த்தார்கள். இங்கே ஆப் முறைப்பாட்டை மட்டும் வைத்து வேலை ஒதுக்கினால் உவர்மலைக்கு லைட் வரும், ஈச்சிலம்பற்றுக்கு வராது.

அதனால் பள்ளிவாசல், கோயில் ஒலிபெருக்கியையும், மீனவர் சங்கத்தையும், ஜீ.எஸ். என்கிற கிராம உத்தியோகத்தரையும் விட்டுவிட்டு ஒரு முறையை யோசிக்க ஏலாது. எங்கள் ஜீ.எஸ். அம்மாவிடம் ஒரு கொப்பி இருக்கிறது. எந்த வீட்டில் படுக்கையில் ஆள், எந்த வீட்டில் கர்ப்பிணி, யாருக்குக் காது கேளாது என்று பென்சிலால் எழுதியிருப்பார். ஆள் மாறினால் அழித்து எழுத வசதி என்பதால் பென்சில். வெள்ளம் என்றால் அந்தக் கொப்பியைத் தாண்டிய தரவு எவரிடமும் இல்லை. அதைக் கணினியில் ஏற்றலாம்தானே என்கிறீர்கள். ஏற்றலாம். யார் பார்க்கலாம், யார் பார்க்கக்கூடாது என்று முதலில் முடிவெடுத்துவிட்டு ஏற்றுங்கள்.

டிசம்பர் 26

இன்று காலை 9.25க்கு, சுனாமியில் போனவர்களுக்காக இரண்டு நிமிடம் நின்றோம். அதைப்பற்றி எழுதவில்லை. இளம் பிள்ளைகள் அறியாத ஒன்றை மட்டும் சொல்கிறேன். "இந்த ஆப், மென்பொருள் எல்லாம் வெளிநாட்டுச் சாமான்" என்று ஒருவர் எழுதியிருந்தார். சுனாமி அடித்த கையோடு, காணாமல் போனவர், முகாம், நிவாரணம் இதையெல்லாம் பதிய எங்கள் நாட்டுப் பொறியியலாளர்கள் சம்பளமில்லாமல் உட்கார்ந்து எழுதிய மென்பொருள் சஹானா. திறந்த மூலம், யாரும் எடுக்கலாம். பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும் ஹெயிட்டிக்கும் போனது. 2006இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன் விருதும் கிடைத்தது. ஹெயிட்டிக்குப் போன சாமான், இருபது வருஷத்துக்குப் பிறகு வெருகலுக்கு வந்து சேர்ந்ததா என்று கேட்டால் நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

2026 ஜனவரி 4

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தகவல் கேட்கும் முறையைப் பலர் தனியாகக் கேட்டதால் இங்கேயே போடுகிறேன்.

அந்தந்த அலுவலகத்தில் தகவல் உத்தியோகத்தர் என்று ஒருவர் இருப்பார். ஆர்.டி.ஐ. 01 படிவம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் வெள்ளைத் தாளில் எழுதலாம். தமிழில் எழுதுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, கேட்டால் சிரித்துவிட்டு விடுங்கள். பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் அத்தாட்சி வாங்காமல் படி இறங்காதீர்கள். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லவேண்டும். முதல் நாலு பக்கப் பிரதிக்குக் காசு இல்லை. மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு 14 நாளுக்குள் மேன்முறையீடு, அதற்கு மேல் கொழும்பில் ஆணைக்குழு.

"ஏன் லைட் போடவில்லை?" என்று கேட்காதீர்கள், அதற்கு வியாக்கியானம்தான் வரும். "இந்த ரோட்டுக்கு 2025இல் ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு, வவுச்சர் பிரதி தருக" என்று கேளுங்கள்.

தம்பலகாமத்துத் தங்கைக்கு: அம்மாவுக்கு எழுதத் தெரியாவிட்டாலும் அவரே கேட்கலாம். வாயால் சொன்னால் போதும், அதை எழுதி எடுப்பது அந்த உத்தியோகத்தரின் கடமை என்று சட்டத்தில் இருக்கிறது. நீங்கள் கூடப் போங்கள், ஆனால் அம்மாவைப் பேச விடுங்கள். திங்கட்கிழமை போகவேண்டாம், கூட்டமாக இருக்கும்.